காலத்தோடு வந்து நின்றவர்களுக்கு

காரைக்குடி வட்டாரத்தில் நாலைந்து கறவை மாடுகளை வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் சேர்ந்து எழுதும் நன்றி மடல் இது. மாட்டுப் பொங்கல் முடிந்துவிட்டது. அடைமழைக் காலத்தைத் தொழுவங்கள் நல்லபடியாகக் கடந்திருக்கின்றன. மாட்டு வேலையில் எதையும் நாளைக்கு என்று தள்ள முடியாது. அந்தந்த நேரத்துக்கு வந்து கைகொடுத்தவர்களை நாலு பேர் அறியச் சொல்லியாக வேண்டும்.

முதலில் கால்நடை மருந்தக மருத்துவர் அம்மாவுக்கும் ஆய்வாளர் ஐயாவுக்கும். ஊசி போட்டபின் எதிர்ப்புச் சக்தி உண்டாக இரண்டு மூன்று வாரம் ஆகும். அதனால் தொண்டை அடைப்பானுக்கும் சப்பை நோய்க்கும் மழை இறங்குமுன்பே போட்டு முடித்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் கோமாரி ஊசிக்கும் வீடு வீடாக வந்தார்கள். மருந்துப் புட்டியை ஐஸ் பெட்டியிலிருந்து தேவைக்கு மட்டுமே வெளியே எடுத்தார்கள். சூடேறிய மருந்து வீரியம் இழந்துவிடும், போட்டும் போடாததுதான்.

கறவைக்கு வரும் அண்ணனுக்கு நாங்கள் பட்டிருக்கும் கடன் பெரிது. ஐப்பசி, கார்த்திகையில் தொழுவத்துச் செம்மண் சேறாகிவிடும். கறந்து முடித்த காம்பின் துளை மூட அரை மணி நேரமாவது வேண்டும். அதற்குள் மாடு சேற்றில் படுத்தால் கிருமி நேரே மடிக்குள் ஏறும். அண்ணன் கறந்த கையோடு ஒவ்வொரு காம்பையும் போவிடோன் அயோடின் கரைசலில் முக்கி எடுத்து, முன்னால் தீவனத்தை வைத்து மாட்டை நிற்க வைத்துவிட்டுத்தான் நகர்வார். கட்டைவிரலை மடக்கிக் கறக்கவே மாட்டார். அப்படிக் கறந்தால் காம்பின் உள்பக்கம் புண்ணாகும். முழுக்கை பிடித்து, பால் இறங்கியதும் ஐந்து, ஏழு நிமிடத்துக்குள் முடிப்பார். முதல் பீச்சை எப்போதும் கருப்புத் துணி கட்டிய கிண்ணத்தில்தான் விடுவார். துணியில் வெள்ளையாய்ச் சின்னத் திரி, அதாவது பால் கட்டி, ஒன்று தங்கினாலும் போதும், அந்த மாட்டைக் கடைசிக்குத் தள்ளிவிடுவார். மடி வீங்கும் முன்பே மடிநோய் பிடிபட்டது இதனால்தான்.

திரி கண்ட மாடுகளுக்குக் கற்றாழை அரைத்துத் தந்த பக்கத்து வீட்டு அக்காமாருக்கும் நன்றி. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். மூன்றும் சேர்ந்து அரைபட்டால் சிவந்துவிடும். ஒவ்வொரு முறையும் மடியைக் கழுவி, பாலை ஒட்டக் கறந்து, ஒரு கைப்பிடி விழுதைத் தண்ணீரில் கரைத்து மடி முழுக்கப் பூச வேண்டும். நாளுக்கு எட்டு, பத்து தடவை, ஐந்து நாள் விடாமல். காய்ச்சலும், மடி கல்லாய் இறுகும் கல்மடியும் கண்ட மாட்டுக்கு இது மட்டும் போதாது, உடனே கூப்பிடுங்கள் என்று மருத்துவர் அம்மா கறாராகச் சொல்லியிருக்கிறார்.

1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் வரும் கால்நடை ஆம்புலன்ஸில் வந்தவர்களை மறக்கவே முடியாது. கன்று போட்ட மூன்று நாளுக்குள் நல்ல கறவை மாடு காது சில்லிட்டு, கழுத்தை விலாப்பக்கம் மடித்துப் படுத்துவிட்டால் அது பால் காய்ச்சல். பெயரில்தான் காய்ச்சல், ரத்தத்தில் கால்சியம் இறங்கிப் போவதுதான் காரணம். வண்டி வந்து சேரும்வரை என்ன செய்வது என்று போனிலேயே சொன்னார்கள். பக்கவாட்டில் சாயவிட்டால் வயிறு உப்பும், அதனால் சாக்கு மூட்டையை முட்டுக் கொடுத்து நெஞ்சில் படுக்க வையுங்கள். வாய்வழி எதையும் ஊற்றாதீர்கள், விழுங்கத் தெம்பில்லாத மாட்டுக்கு அது நுரையீரலில் இறங்கும். வந்தபின் கால்சியத்தை நரம்பில் மெல்ல மெல்ல ஏற்றினார்கள். அவசரப்பட்டு ஏற்றினால் இதயம் நின்றுவிடுமாம்.

பால் சங்கத்தில் டெஸ்ட் எடுக்கும் தம்பிக்கு: பச்சைப்புல் மட்டும் தின்று கொழுப்பு இறங்கியபோது விலையைக் குறைத்ததோடு விடாமல், நார்ச்சத்துக்கு வைக்கோலும் சேர்த்துப் போடுங்கள், கடைசிப் பாலில்தான் கொழுப்பு அதிகம், ஒட்டக் கறங்கள் என்று காரணத்தையும் சொன்னாய். நன்றி, தம்பி.

அந்த வைக்கோல் காய்ந்தே இருந்தது ஆச்சியின் புண்ணியம். பூட்டிக் கிடக்கும் வீட்டின் பின்கட்டைத் திறந்துவிட்டு, கட்டுகளை அடுக்கிக்கொள்ளச் சொன்னார். நனைந்து பூசணம் பிடித்த வைக்கோலைச் சினை மாட்டுக்குக் காட்டவே கூடாது.

கோடையில் வாடி, ஒரு மழைக்குத் துளிர்த்த முழங்கால் உயரச் சோளத்தை வெட்டப் போனவர்களைத் தடுத்த பெரியவருக்கும் வணக்கம். அந்த இளந்தட்டையில் இருப்பது சயனைடு நஞ்சு. பூத்த பிறகுதான் அறுக்க வேண்டும்.

இனி எங்கள் பங்கு. கோ-5 கம்பு நேப்பியர் தீவனப்புல்லின் கரணை, அதாவது நடுவதற்கான தண்டு, வேண்டுவோர் வந்து வெட்டிக்கொள்ளலாம், காசு வேண்டாம். கண்மாயில் தண்ணீர் இருக்கும்போதே நட்டுவிடுங்கள். இரண்டு கணு உள்ள துண்டு, ஒரு கணு மண்ணுக்குள், இரண்டடி இடைவெளி. முதல் அறுப்பு 75 முதல் 80 நாளில், பிறகு 45 நாளுக்கு ஒருமுறை.

இப்படிக்கு,
கறவை மாட்டுக் குடும்பத்தார்,
காரைக்குடி வட்டாரம்