முதலில் குளியலறைக் கதவு

சுங்கை சிப்புட், மலேசியா,
ஞாயிறு காலை

பாப்பாவுக்கு,

நம் வீட்டைப் புதுப்பிக்க நீ போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பிய வரைபடத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். மாடியில் மூன்று அறை, மூன்றும் ஒரே அளவு, கீழே பெரிய ஹால். அழகாகத்தான் இருக்கிறது. போனில் சொன்னால் நடுவில் புகுந்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

நேற்று டேப் வைத்து அளந்தேன். பாட்டியின் சக்கர நாற்காலி 26 அங்குலம். நம் குளியலறைக் கதவு 24. தினமும் நாற்காலியை வாசலிலேயே நிறுத்தி, அம்மா முன்னால் கையைப் பிடிக்க, நான் பின்னாலிருந்து இடுப்பைத் தாங்க, பாட்டி "முருகா, முருகா" என்று ஒவ்வோர் அடியாக நகர்கிறார். நடுவில் ஒரு படி வேறு. உன் படத்தில் அந்தக் கதவும் படியும் அப்படியே இருக்கின்றன. புதுக் குளியலறை மாடியில்! பாட்டி இனி மாடி ஏறப் போவதில்லை. என் முட்டியைக் கேட்டால் நானும்தான்.

நீ பிறந்த லயத்து வீடு, தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய அந்தத் தொழிலாளர் வீடு, நினைவிருக்கிறதா? விடியும் முன் பேர் கூப்பிடும் பிரட்டுக்குப் போய் நிற்க ஆள் வேண்டும், அதற்காகக் கட்டிய வீடு அது. கிழவனையும் பிள்ளையையும் கணக்கில் வைத்துக் கட்டியதில்லை. தாத்தாவுக்கு 55 வயதில் வேலை நின்றது, வீட்டையும் விடச் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் வீட்டு வாசலில் அஞ்சடி என்று ஒரு நடை இருந்ததே. கல்யாணமோ சாவோ, லயமே அங்கே கூடிவிடும். கோலாலம்பூரில் சித்தப்பா இருக்கும் பிபிஆர் வீட்டில், அதுதான் அரசாங்கத்தின் மலிவு வாடகை அடுக்குமாடியில், அதற்கு வழியில்லை. 700 சதுர அடி, மூன்று அறை, வாடகை மாதம் 124 ரிங்கிட். அந்தக் காசுக்கு அங்கே வேறென்ன கிடைக்கும், சொல்! ஆனால் புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர் என்றாலும் அதே வீடு, ஏழு பேர் என்றாலும் அதே வீடு.

பக்கத்து வீட்டைத் தொழிற்சாலைப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். பங்களாதேஷ் பிள்ளைகள், பத்துப் பேர். பாதிப் பேருக்கு இரவு வேலை, பகலில் தூங்க ஜன்னலுக்கு அட்டை ஒட்டியிருக்கிறார்கள். ஒருநாள் தேநீர் குடிக்க வந்த ஒருவனிடம், "வீட்டில் என்னப்பா குறை?" என்று கேட்டேன். ஹால், ஃபேன் என்று சொல்வான் என நினைத்தேன். "பூட்டு போட்ட அலமாரி, அங்கிள்" என்றான். பணமும் துணியும் வைக்க அவனுக்கு வேறு இடமில்லை. பூட்டுள்ள அலமாரி தர வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. 1990இல் வந்த தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம் முதலில் தோட்டம், சுரங்கத்துக்குத்தான். 2019இல் திருத்தினார்கள், 2020 ஜூனிலிருந்து மற்ற முதலாளிகளுக்கும் பொருந்துகிறது. விடுதி என்றால் ஆளுக்குத் தூங்க 3 சதுர மீட்டராவது வேண்டுமாம். அந்த இடத்தில் நம் பாட்டியின் கட்டிலைப் போட்டால் பக்கத்தில் ஒருவர் நிற்கலாம், அவ்வளவுதான்.

சரி, நம் வீட்டுக்கு வருகிறேன். அம்மா வாய் திறந்து சொல்லமாட்டாள், நான் சொல்கிறேன். ஹாலோடு ஒட்டிய திறந்த சமையலறை அவளுக்கு வேண்டாம். கருவாடு வறுத்தால் வாசம் சாமி மேடை வரைக்கும் போகும். பின்பக்கம் இப்போது இருக்கிற அடுப்படிக்கு ஒரு கூரை போட்டுக் கொடுத்தால் போதும்.

மாடி அறைகள் நீயும் பிள்ளைகளும் வரும்போது தங்கத்தான், தெரிகிறது. தீபாவளிக்கும் பள்ளி விடுமுறைக்கும் சேர்த்து வருஷத்தில் பத்து நாள் வருகிறாய். குறையாகச் சொல்லவில்லை. மீதி நாளெல்லாம் அந்த மூன்று அறையையும் கூட்டுவது அம்மா. ஒன்று போதும், பிள்ளைகள் ஹாலில் பாய் விரித்துப் படுத்துக்கொள்வார்கள். நீயெல்லாம் அப்படித்தானே வளர்ந்தாய்?

மிச்சமாகும் காசில் முதலில் கீழ்க் குளியலறையை இடிக்கச் சொல். கதவு 36 அங்குலம். படி வேண்டாம், தரையோடு தரையாக இருக்கட்டும். வழுக்காத ஓடு. கட்டிடக் குத்தகைக்காரர் சனிக்கிழமை வருகிறார், அதற்குள் படத்தை மாற்றி அனுப்பு. கைப்பிடிக் கம்பியை இடது பக்கம் போட்டுக் காட்டு, பாட்டிக்கு வலது கையில் இன்னும் பலம் வரவில்லை.

அப்பா