உப்புத்தாளைக் கொஞ்சம் கீழே வை

அல்சூர், பெங்களூர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. மகளுக்குத் தை மாதம் கல்யாணம் என்று படித்ததும் உன் தங்கச்சியைக் கூப்பிட்டு மறுபடி ஒருமுறை சத்தமாகப் படித்துக் காட்டினேன். காது குத்தும்போது என் மடியில் உட்கார்ந்து என் சட்டையைக் கிழித்த பிள்ளை! மூன்று நாள் முன்னதாகவே வந்துவிடுவோம். பந்தி கவனிக்கிற வேலையை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதே.

முழங்கால் எப்படி இருக்கிறது என்று எழுதவே இல்லை. மாடிப்படி ஏறுகிறாயா? எனக்கு இங்கே குளிரில் வலது தோள்பட்டை பிடித்துக்கொள்கிறது. அதற்குப் பாதிக் காரணம் வயது, மீதிக் காரணத்தைத்தான் இந்தக் கடிதத்தில் எழுதப்போகிறேன்.

கல்யாணத்துக்குள் காரைப் பளபளப்பாக்க வேண்டும், தண்ணீர் விட்டுத் தேய்க்கிற உப்புத்தாள், அதான் வாட்டர் பேப்பர், வாங்கி நீயே தேய்க்கப்போகிறாய் என்று நாலு வரியில் சாதாரணமாக எழுதியிருக்கிறாய். படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. போன வருஷம் இதே வரியை நானும் உன் தங்கச்சியிடம் சொன்னேன்.

என் ஜென் காரை உனக்குத் தெரியும், அந்த நீல மெட்டாலிக். ஓல்டு மெட்ராஸ் ரோட்டில் ஒரு ஆட்டோ இடது பக்கக் கதவை உரசிக்கொண்டு போய்விட்டது. டிங்கரிங், பட்டி, பெயிண்ட் எல்லாம் ஒரு ஷெட்டில் கொடுத்து வாங்கினேன். எந்த ஷெட் என்று கேட்காதே. கலர் அப்படியே பொருந்தியிருந்தது, ஆனால் பக்கத்தில் போய்ப் பார்த்தால் கதவு முழுக்கக் கமலாப்பழத் தோல் மாதிரி சொரசொரப்பு. கலருக்கு மேலே அடிக்கிற நிறமில்லாத லேக்கர் கெட்டியாக இருந்தாலும், பெயிண்ட் கன்னை எட்டப் பிடித்து அடித்தாலும், காற்று போதாமல் போனாலும் துளிகள் ஒன்றோடு ஒன்று கலந்து சமமாவதற்கு முன்பே காய்ந்துவிடும். அப்படித்தான் இந்தத் தோல் வருகிறது. போதாததற்கு நடு நடுவே தூசி உட்கார்ந்து ரவை ரவையாக நின்றது. மனசு கேட்காமல் காரைக் கவர் போட்டு மூடிவிட்டேன். எங்கள் ஏரிப் பக்கம் வள்ளுவர் சிலையை 1991-லிருந்து 2009 வரைக்கும் மூடியே வைத்திருந்தார்களே, அந்த மாதிரி. பெயிண்டர் அண்ணன் வந்து கவரைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். தூசி படிந்த கார்மேல் கவர் காற்றில் அசைந்தால் அதுவும் ஒரு உப்புத்தாள்தானாம்.

இந்த அண்ணன் ஆரணிப் பக்கத்துக்காரர். சின்ன வயதிலேயே பெங்களூர் வந்து பெயிண்ட் கன் பிடித்தவர், இப்போது எங்கள் தெருவிலேயே இருக்கிறார். நான் ரப்பர் கட்டையும் தாளுமாக நின்றதைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி, "எவ்ளோ கனம் இருக்குன்னு தெரியுமா சார்?" எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரியுமா?

நாம் பாலிடெக்னிக்கில் மைக்ரோமீட்டரில் உன் தலைமுடியைப் பிடுங்கி அளந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? ஏழு கோடு வந்தது. ஒரு கோடு என்றால் 0.01 மில்லிமீட்டர், அதாவது 10 மைக்ரான். கம்பெனியில் அடித்து வரும் கார் பெயிண்ட், அடியில் இருக்கிற பிரைமர், அதன்மேல் கலர், எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி மாதிரி இருக்கும் லேக்கர் என்று மொத்தமும் சேர்ந்தே பெரும்பாலும் 100-லிருந்து 150 மைக்ரான்தான். ஜெராக்ஸ் தாள் ஒன்றின் கனமே சுமார் 100 மைக்ரான். அதில் நாம் தேய்க்க உரிமையுள்ள லேக்கர் மட்டும் 40, 50 மைக்ரான். நம் மைக்ரோமீட்டரில் நாலைந்து கோடு, உன் தலைமுடியைவிட மெல்லிசு. (இப்போது அளக்க உன்னிடம் முடி மிச்சமிருக்கிறதா என்பது வேறு விஷயம்.) வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து கலரைக் காப்பதும் அந்த லேக்கர்தான். முழுக்க அறுக்காமல் மெலிதாக்கிவிட்டாலே போதும், இன்றைக்குப் பளபளக்கும், சில வருஷம் மதுரை வெயிலில் நின்றால் தோல் உரிய ஆரம்பித்துவிடும்.

அதனால்தான் சொல்கிறேன், உன் கறுப்பு ஸ்விஃப்டின் பானட்டுக்கும் கதவுகளுக்கும் வாட்டர் பேப்பரே வேண்டாம். வெயிலில் நிறுத்தினால் சிலந்திவலை மாதிரி வட்ட வட்டமாகக் கீறல் தெரிகிறது என்று எழுதியிருக்கிறாய். அது துணியால் வறட்டுத் தூசியைத் துடைத்ததால் வந்தது. கறுப்பில் கொஞ்சம் அதிகமாகத் தெரியும், அவ்வளவுதான். ரப்பிங் காம்பவுண்ட் என்கிற தேய்ப்புப் பசையும் பாலிஷும் போட்டால் போய்விடும். பின் கதவோரம் சாவிக் கீறல் ஒன்று இருக்கிறது என்றாயே, அதன் குறுக்கே நகத்தை மெதுவாக ஓட்டிப் பார். நகம் மாட்டினால் ஆழமான கீறல். அதைத் தேய்த்து எடுக்கப் பார்த்தால் சுற்றியுள்ள லேக்கரும் கூடவே போகும். விட்டுவிடு.

ஆனால் உன் டிக்கிக் கதவு வேறு கதை. பஸ் இடித்து மறுபடி பெயிண்ட் அடித்ததுதானே அது? பொடிப்பொடியாகத் தூசி நிற்கிறது என்றும் சொன்னாய். தாள் பிடித்துப் பழக அதுதான் இடம். ஆசை இருந்தால் அதில் மட்டும் கை வை. அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது.

அண்ணன் என்னைக் காரைத் தொடவே விடவில்லை. சிவாஜிநகரில் பழைய கார் சாமான் விற்கிற குஜரிக்குக் கூட்டிக்கொண்டு போய், நசுங்கின பானட் ஒன்றை வாங்கித் தோளில் தூக்கி வரச் செய்தார். தோள்பட்டை வலி இங்கேதான் ஆரம்பம். ஜே.சி. ரோட்டில் தாள் வாங்கினோம். இரண்டாயிரம், மூவாயிரம் நம்பர்கள் போதும் என்றார். ஆயிரத்து ஐந்நூறைக் கையில் எடுத்தேன், பிடுங்கித் திரும்ப வைத்துவிட்டார். நம்பர் ஏற ஏற மணல் பொடி. நம்பருக்கு முன்னால் 'பி' என்ற எழுத்து இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. இந்த அளவுத் தாள்களில் 'பி' உள்ளதும் இல்லாததும் ஒரே நம்பராக இருந்தாலும் ஒரே மணல் இல்லை.

இந்தத் தாள் பிறந்த கதை உனக்குப் பிடிக்கும். அதுவும் ஒரு கடிதத்தில்தான் ஆரம்பித்தது. பிலடெல்பியாவில் அச்சு மை தயாரித்த ஃபிரான்சிஸ் ஓகி என்பவர், உங்களிடம் உள்ள மணல் வகைகளில் மாதிரி அனுப்புங்கள் என்று உப்புத்தாள் செய்த த்ரீ எம் கம்பெனிக்கு எழுதினாராம். மை செய்கிறவருக்கு மணல் எதற்கு என்று அவர்கள் விசாரிக்கப் போக, தண்ணீரில் நனைத்தாலும் பிய்ந்துபோகாத உப்புத்தாளை அவர் கண்டுபிடித்திருப்பது தெரிந்தது. உரிமையை வாங்கிக்கொண்டார்கள், 1921-ல் தாள் வந்தது. அதற்கு முன்பு கார் பெயிண்டை வறட்டுத் தேய்ப்பாகத் தேய்த்து அந்தத் தூளையெல்லாம் மூச்சில் இழுத்திருக்கிறார்கள்.

சரி, வேலைக்கு வருகிறேன். தாளைக் கால் மணி நேரமாவது ஊற வை. நான் ராத்திரியே போட்டுவிடுவேன். தண்ணீரில் இரண்டு சொட்டுக் கார் ஷாம்பு விட்டால் தாள் வழுக்கிக்கொண்டு போகும். எங்கள் போர் தண்ணீர் உப்பு, காய்ந்தால் வெள்ளை வெள்ளையாகக் கறை பிடிக்கும். அதனால் காவேரித் தண்ணீரில் அரை வாளி மட்டும் எடுத்துக்கொண்டேன். 2024 மார்ச்சில் இங்கே குடிதண்ணீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று போட்டதிலிருந்து, வாளியைத் தூக்கினாலே பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்ப்பார். உண்மையில் இந்த வேலைக்கு அதிகத் தண்ணீர் வேண்டாம், ஆனால் பூவாளி மாதிரி விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தேய்ந்து வரும் தூளை அது அடித்துக்கொண்டு போகவில்லை என்றால், தூள் தாளுக்கடியில் சுருண்டு புதுக் கீறல் போடும். தாள் கீழே விழுந்துவிட்டால் கழுவிப் பார்க்காதே, தூக்கிப் போடு. ஒரு மண் துகள் போதும், அரை நாள் வேலை போய்விடும்.

விரலால் மட்டும் அழுத்தித் தேய்க்காதே, விரல் விரலாகப் பள்ளம் விழும். ரப்பர் கட்டையில் தாளைச் சுற்றி, கட்டையின் கனத்தோடு நகர்த்து. நிழலில், தகரம் குளிர்ந்திருக்கும்போது செய். ஓரங்கள், மடிப்புக் கோடுகள் எல்லாவற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடு. பெயிண்ட் காயும்போது முனையிலிருந்து இழுத்துக்கொள்ளும், அதனால் அங்கேதான் ரொம்ப மெல்லிசாக நிற்கும்.

பானட்டில் அரை அடிச் சதுரத்தில் ஆரம்பித்தேன். பத்து இழுப்பு இழுத்து, ஜன்னல் துடைக்கும் ரப்பரால் தண்ணீரை வழித்துவிட்டுப் பார். மேடெல்லாம் மங்கிச் சாம்பல் பூத்திருக்கும், பள்ளமெல்லாம் இன்னும் மினுங்கும். இருட்டில் ஊசி ஊசியாக நட்சத்திரம் பார்ப்பது மாதிரி இருக்கும். இன்னும் பத்து இழுப்பு, நட்சத்திரம் குறையும். அந்த நேரம் ஒரு வெறி பிடிக்கும் பார், கடைசி நட்சத்திரம் வரைக்கும் அணைத்துவிட வேண்டும் என்று! "நாலு மினுக்கு நிக்கட்டும் சார், யாரு பூதக்கண்ணாடி வச்சுப் பாக்கப்போறா" என்பார் அண்ணன். வழிகிற தண்ணீரின் நிறத்தையும் பார்த்துக்கொண்டே இரு. அரிசி கழுவிய கழுநீர் மாதிரி வெள்ளையாக வந்தால் லேக்கர் தேய்கிறது. கார் கலரில் வந்தால் கையை எடு, கதை முடிந்தது. (லேக்கர் இல்லாத அந்தக் காலத்து ஒரே பூச்சு வெள்ளை, சிவப்புக் கார்களில் முதல் இழுப்பிலேயே கலர் வரும், அது வேறு.)

பானட்டில் மூன்று ஞாயிறு பழகினேன். நாலாவது ஞாயிறு கதவு. மேல் பாதி வெண்ணெய் மாதிரி வந்தது. அந்தத் தெம்பில், நடுவில் ஓடும் மடிப்புக் கோட்டில் டேப் ஈரத்தில் பிரிந்து நின்றதைப் பார்த்தும், இன்னும் இரண்டே இழுப்புதானே என்று விட்டுவிட்டேன். கழுநீர் வந்துகொண்டிருந்த இடத்தில் மெல்லிசாக நீலம் இறங்கியது. துடைத்துப் பார்த்தால் சுண்டுவிரல் நகம் அளவுக்கு லேக்கர் போய்க் கலர் வெளியே தெரிகிறது. ஒன்றும் பேசாமல் வாளி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். மெட்டாலிக்கில் அந்த இடத்துக்கு மட்டும் அடித்தால் திட்டாகத் தெரியும், சரியாகச் செய்வதென்றால் முழுக் கதவும் மறுபடி அடிக்க வேண்டும். அண்ணன் டச்சப் வைத்து மறைத்துக் கொடுத்தார். உன் தங்கச்சி காப்பி கொண்டுவந்து நின்று பார்த்துவிட்டு, "முன்னாடி உங்க கண்ணுக்கு மட்டும்தான் குறை தெரிஞ்சுது, இப்போ எனக்கும் தெரியுது" என்றாள். என்ன பதில் சொல்வது!

மீதிக் கதவை மூவாயிரத்தில் குறுக்கு வாட்டில் இழுத்து, காம்பவுண்ட் போட்டு மெஷினால் பஃப் அடித்தோம். மூவாயிரம் எதற்கு, இரண்டாயிரத்தோடு நேராகக் காம்பவுண்டுக்குப் போகக் கூடாதா என்று கேட்பாய். போகலாம், ஆனால் அந்தக் கோடுகளை எடுக்க மெஷினை அதிக நேரம் பிடிக்க வேண்டும், சூடேறும், அதுவும் லேக்கரைத்தான் தின்னும். முதல் சுற்றில் புகை படிந்த கண்ணாடி மாதிரி இருந்த இடத்தில் மூன்றாவது சுற்றில் எதிர்வீட்டுக் கொடிக்கம்பியும் அதில் தொங்கிய துண்டும் கோடு கோணாமல் தெரிந்தன. தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த நகம் அளவு இடத்தையும் சேர்த்துத்தான்.

இதெல்லாம் கடிதத்தில் எழுதிப் புரிகிற காரியமில்லை. கை பழக வேண்டும். ஆயுள் முழுக்க லேத் பிடித்த கை உன்னுடையது, எனக்கு மூன்று ஞாயிறு பிடித்தது உனக்கு ஒரு நாளில் வந்துவிடும். பத்திரிகை அடிக்கக் கொடுத்துவிட்டு ஒரு இரண்டு நாள் இங்கே வா. மதுரையில் விடியற்காலை வந்தே பாரத் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கண்டோன்மென்டில் இறங்கிவிடலாம், ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன். அந்தக் குஜரி பானட் இன்னும் மாடிப்படிக்குக் கீழேதான் சாய்ந்திருக்கிறது. இடது பாதி என் கைவரிசை, வலது பாதியைத் தொடாமல் உனக்காக வைத்திருக்கிறேன். உன் பட்டறை அலமாரியில் அந்தப் பழைய மைக்ரோமீட்டர் இருந்தால் மறக்காமல் எடுத்து வா. அண்ணனுக்கு அதைக் காட்ட வேண்டும்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. முழங்காலைப் பற்றி எழுது.

இப்படிக்கு,
உன் மாப்பிள்ளை