சிலிண்டர் இல்லாமலும் இறால் வளரும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு இணைப்பில் செடி வைத்த மீன் தொட்டிகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருந்தன. ஆனால் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், தொட்டிக்கு வெளியே நின்று தண்ணீரை வடிகட்டும் கேனிஸ்டர் ஃபில்டர், தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் என்று அடுக்கிக்கொண்டே போய், 30,000 ரூபாய் கையில் இல்லாதவர்கள் இறால் தொட்டிப் பக்கமே வர வேண்டாம் என்பது போல முடித்திருந்தார் கட்டுரையாளர். அதைப் படித்த என் பேத்தி, "அப்போ நம்மது இறால் தொட்டி இல்லையா பாட்டி?" என்று கேட்டுவிட்டாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

வில்லிவாக்கத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில், அழகுக்காக வளர்க்கும் செர்ரி இறால் என்ற சின்னஞ்சிறு சிவப்பு இறாலுக்கு இரண்டடித் தொட்டி ஒன்று இருக்கிறது. பக்கத்து வீட்டில் பரணில் கிடந்ததை 500 ரூபாய்க்கு வாங்கினேன். செடி, இறால், காற்று மோட்டார், அம்மோனியா பார்க்கும் சோதனைப் பெட்டி எல்லாம் சேர்த்து 2,200 ரூபாய் ஆனது. அடியில் ஒரு அங்குலம் தோட்டத்து மண், அதன்மேல் ஒன்றரை அங்குலம் ஆற்று மணல், அவ்வளவுதான். மண்ணில் எரு கலந்திருக்கக் கூடாது. சலித்த வெறும் மண். மணலை ஒன்பது தடவை கழுவினேன், பத்தாவது தடவைதான் தண்ணீர் தெளிந்தது. செடிக்கு உரம் அந்த மண்ணிலேயே இருக்கிறது. மண்ணில் உள்ள மக்கு சிதையும்போது கார்பன் டை ஆக்சைடும் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டே இருக்கும். சிலிண்டர் எதற்கு? மேலே 9 வாட் எல்இடி பல்பு, ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம். அதற்கு மேல் எரியவிட்டால் கண்ணாடியில் பாசி ஏறிவிடுகிறது.

செடிகள் கொளத்தூர் கடைகளில் வாங்கியவை. ஒரு கட்டு வேலம்பாசி, கல்லில் தையல் நூலால் கட்டிய ஜாவா மாஸ் என்ற பாசி, நாலு கிரிப்டோ (கிரிப்டோகோரைன் என்ற தண்ணீர்ச் செடி). இந்தக் கிரிப்டோவில் 'வென்டியி' என்ற வகை இலங்கை ஓடைகளில் வளர்வது, வெளிச்சம் குறைவாக இருந்தாலும் கோபித்துக்கொள்ளாது. நட்ட பத்தாம் நாள் இலை எல்லாம் கூழாகிப் போனது. பிடுங்கி எறியப் போனேன். நல்லவேளை, சோம்பலில் விட்டுவிட்டேன். மூன்றாம் வாரம் வேரிலிருந்து புது இலை வந்தது. இடம் மாறினால் அந்தச் செடி அப்படித்தான் செய்யுமாம்.

கட்டுரையில் ஒரே வரியில் கடந்து போன விஷயம்தான் உண்மையில் முக்கியம். தொட்டியில் தண்ணீர் நிரப்பிய அன்றே இறாலை விடக் கூடாது, புதுத் தொட்டியில் முதலில் அம்மோனியா சேரும். நான் ஒரு பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் 28 ஆண்டுகள் உதவியாளராக இருந்தவள். அம்மோனியா இருக்கிறதா என்று பார்க்க நெஸ்லர் கரைசலை ஊற்றிப் பழுப்பு நிறம் வருவதைப் பிள்ளைகளுக்குக் காட்டுவோம். நான் கடையில் வாங்கிய பெட்டியில் மருந்து வேறு, பழுப்புக்குப் பதில் பச்சை வரும். முதல் இரண்டு வாரம் என் தொட்டித் தண்ணீர் நல்ல பச்சையாகக் காட்டியது. மூக்குக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை, ஆனால் இறாலைக் கொல்ல அது போதும். அந்த அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா மணலிலும், காற்று மோட்டாரோடு மாட்டிய ஸ்பாஞ்சிலும் பெருகி வர ஒரு மாதம் பிடிக்கும். கடைசியில் மிஞ்சும் நைட்ரேட்டைச் செடி தின்றுவிடும். நான் ஐந்து வாரம் வெறும் செடியையும் எங்கிருந்தோ ஒட்டிக்கொண்டு வந்த நத்தைகளையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நத்தைக்கு என்று ஒரு கடைக்காரர் நீல நிற மருந்து கொடுத்தார். நிறத்தைப் பார்த்ததுமே சந்தேகம் வந்து சீட்டைப் படித்தால், காப்பர் சல்பேட். நம் மயில்துத்தம்! செம்பு நத்தையை மட்டுமா கொல்லும், இறாலையும் சேர்த்து முடித்துவிடும். திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்து தண்ணீர். எங்கள் வீட்டு போர் தண்ணீரில், கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை வைத்தால் 1100 காட்டுகிறது. ஆர்ஓ தண்ணீரில் 60. போர் தண்ணீர் இறாலுக்கு அதிகக் கடினம், ஆர்ஓவிலோ ஓடு கட்டுவதற்கான சுண்ணாம்புச் சத்தே இருக்காது. ஒரு பங்கு போர், ஐந்து பங்கு ஆர்ஓ கலந்தால் 230 வாக்கில் வருகிறது. செர்ரி இறாலுக்கு அது தோது. வாங்கி வந்த பத்து இறாலையும் உடனே கொட்டிவிடாமல், மருந்துக்கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் ஏற்றும் குழாயை வைத்து, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அவை இருந்த வாளியில் இரண்டு மணி நேரம் விட்டேன். குழாயின் சக்கரத்தைத் திருகிச் சொட்டை எண்ணும்போது பேத்தி, "பாட்டி நர்ஸ் ஆயிட்டாங்க" என்றாள்.

இனி என் தப்பைச் சொல்கிறேன், கட்டுரையில் இந்த எச்சரிக்கை இல்லாததால். அந்த முதல் பத்தும் ஒரே ராத்திரியில் போயின. கூடத்தில் கரப்பான் தொல்லை என்று படுக்கும் முன் ஸ்பிரே அடித்தேன். தொட்டியை மூடவில்லை. காற்று மோட்டாரையும் நிறுத்தவில்லை. அது அறைக் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. காலையில் பார்த்தால் சில மல்லாந்து கிடந்து கால்களை உதறிக்கொண்டிருந்தன, மற்றவை அசையவில்லை. பூச்சிக்கும் இறாலுக்கும் உடம்பு ஒரே ஜாதி. ஸ்பிரேயில் இருக்கும் பைரித்ராய்டு என்ற பூச்சிமருந்து கரப்பானின் நரம்பை என்ன செய்யுமோ அதையேதான் இறாலுக்கும் செய்யும். ஆய்வகத்தில் பாட்டில் பாட்டிலாகச் சீட்டு ஒட்டியவளுக்கு ஸ்பிரே டப்பாவில் இருந்த சீட்டைப் படிக்கத் தோன்றவில்லை. தண்ணீரைப் பாதிப் பாதியாகப் பல தடவை மாற்றி, இரண்டு மாதம் கழித்துத்தான் மறுபடி பத்து வாங்கினேன்.

அந்தப் பத்துதான் இன்று எண்ண முடியாத கூட்டம். கூனி இறாலைவிடக் கொஞ்சம் பெரிசு, மிளகாய்ப் பழச் சிவப்பு. தாய் வயிற்றுக்கு அடியில் இருபது முப்பது முட்டைகளை வைத்துக்கொண்டு, அடிக்கால்களால் ஓயாமல் விசிறிக்கொண்டே இருக்கும். மூன்று நாலு வாரத்தில் குட்டி வரும். ஆற்று இறாலின் குஞ்சு கழிமுகத்து உப்புத் தண்ணீருக்குப் போனால்தான் பிழைக்கும், இதற்கு அந்த அலைச்சல் இல்லை. கமா அளவில், கால் மீசையெல்லாம் முளைத்த முழு இறாலாகவே வெளியே வரும். ஒருநாள் மணலில் கண்ணாடி போல ஒன்று கிடக்க, பேத்தி அழுதுவிட்டாள். "சாகலடி, சட்டையைக் கழற்றிப் போட்டிருக்கு" என்று காட்டினேன். அந்தத் தோலை எடுத்துவிடக் கூடாது, அதையே தின்று சுண்ணாம்பை மீட்டுக்கொள்ளும்.

தீனிக்கும் பெரிய செலவில்லை. வாரம் இரண்டு தடவை வெந்நீரில் போட்டெடுத்த கீரை ஒரு இலை. கூடவே உதிர்ந்து காய்ந்த பாதாம் இலை. இதை ஆன்லைனில் பாக்கெட் போட்டு விற்கிறார்கள்! எங்கள் தெரு முனையில் கூட்டித் தள்ளுகிறார்கள்.

சில்லர் விஷயத்தில் மட்டும் கட்டுரையாளர் பக்கம் பாதி நியாயம் உண்டு. கத்திரி வெயிலில் என் தொட்டி 32 டிகிரியைத் தொட்டது, இறால்கள் முட்டை வைப்பதை நிறுத்திவிட்டன. மூடியை எடுத்துவிட்டு டேபிள் ஃபேனைத் தண்ணீர்மேல் திருப்பினேன். மூன்று டிகிரி இறங்கியது. குறைந்த தண்ணீருக்கு ஆர்ஓ மட்டும் ஊற்ற வேண்டும், ஏனென்றால் உப்பு ஆவியாகாது.

கடைசியாக ஒன்று. அளவுக்கு மீறிப் பெருகினால் 'அருகில் உள்ள ஏரியில் விடலாம்' என்று கட்டுரையில் இருக்கிறது. தயவுசெய்து அந்த வரிக்கு மறுப்பு வெளியிடுங்கள். யாரோ தொட்டியிலிருந்து கொண்டுபோய் விட்ட, கண்ணாடியில் ஒட்டிப் பாசி தின்னும் சக்கர் மீன்தான் இன்று சென்னை ஏரிகளில் வலைவலையாக ஏறுகிறது. மிஞ்சிய செடியை நான் வெயிலில் காயவைத்து ரோஜாத் தொட்டியில் போட்டுவிடுகிறேன். மிஞ்சிய இறால் ஊறுகாய் பாட்டிலில் ஏறி, கேட்கிற பிள்ளைகளின் வீட்டுக்குப் போகிறது. எதிர்வீட்டுக்காரர் மட்டும் "தொக்குக்கு எப்போ தருவீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்,
வில்லிவாக்கம், சென்னை - 49.