அண்டி ஆபீசுக்கு இயந்திரம் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

என் அம்மா முப்பது வருடம் அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டை உடைத்தவர். கையில் சாம்பல் பூசிக்கொண்டுதான் வேலைக்கு உட்காருவார். அப்படியும் தோட்டு எண்ணெய் பட்டு விரல்நுனியெல்லாம் கருத்துப்போகும். ரசம் ஊற்றிய சோற்றைப் பிசைந்தால் எரியும் என்று கரண்டியால்தான் சாப்பிடுவார்.

இயந்திரம் வந்தால் வேலை போய்விடும் என்ற பயம் எனக்கும் புரிகிறது. ஆனால் குமரி மாவட்டத்தில் முந்திரி ஆலைகள் மூடிக் கிடப்பது இயந்திரம் வந்ததால் அல்ல. நம்மைப்போலவே ஆப்பிரிக்காவிலிருந்து பச்சைக்கொட்டை வாங்கும் வியட்நாம், உடைக்கவும் தொலி உரிக்கவும் இயந்திரங்களை உள்நாட்டிலேயே செய்துகொண்டது. 2006-இல் முந்திரிப்பருப்பு ஏற்றுமதியில் நம்மை முந்திவிட்டது. அந்த விலைக்கு வெறும் கையால் எப்படி ஈடுகொடுக்க முடியும்?

சிறு ஆலைகளுக்கு இயந்திரம் வாங்க அரசு குறைந்த வட்டியில் கடன் தரட்டும். சரி, இயக்குவது யார்? இத்தனை வருடம் பருப்பின் தரத்தைக் கண்ணாலேயே பிரித்த பெண்கள்தான். நாகர்கோவில் கோணம் ஐடிஐயில் அவர்களுக்கு மூன்று மாதப் பயிற்சி, அதுவும் உதவித்தொகையோடு, இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.

- ஒரு வாசகி, கருங்கல்