“யாரும் படிக்கிறதில்ல”ன்னு மைக்ல சொல்ற பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்ப் பதிப்பாளர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

நாங்க சென்னைல ஒரு பதிப்பகத்துல இன்டர்னா இருக்கறவங்க. எங்க பேரு வேணாம், பதிப்பகத்தோட பேரும் வேணாம், ஏன்னா இது ஒரே ஒரு ஆபீஸோட கதை இல்ல, வேற பதிப்பகங்கள்ல இன்டர்னா இருக்கற ஃப்ரெண்ட்ஸ் கிட்ட டீக்கடைல பேசினா அவங்களும் இதையேதான் சொல்றாங்க. எங்கள சேத்துக்கிட்டது புரூஃப் பாக்க, அதாவது அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி பிழை திருத்த. ஆனா புரூஃபோட ஃபோன் எடுக்கறது, வாட்ஸப் ஆர்டர் எழுதறது, பார்சல் கட்டறது, கண்காட்சி ஸ்டால்ல பில் போடறதுன்னு எல்லாமே எங்க தலைலதான். அதுல ஒரு நல்லதும் இருக்கு, எழுத்தாளர் அனுப்பற ஃபைலையும் நாங்கதான் முதல்ல பாக்கறோம், புத்தகம் வாங்கறவர் குரலையும் நாங்கதான் முதல்ல கேக்கறோம். நீங்க இந்த ரெண்டாவது குரலைக் கேட்டு ரொம்ப நாளாச்சுன்னு தோணுது, அதான் இந்த மடல்.

எந்த வெளியீட்டு விழாவுக்குப் போனாலும் யாராவது ஒரு பதிப்பாளர் மைக்கப் புடிச்சு, தமிழ்நாட்டுல இத்தன கோடி பேர் இருக்கோம், ஒரு புத்தகம் ஐநூறு காப்பி போக மாட்டேங்குது, எல்லாரும் செல்ஃபோனே கதின்னு கெடக்கறாங்க, யாரும் படிக்கிறதில்லன்னு சொல்றாரு. கூட்டமும் தலையாட்டும். நாங்களும் ஆட்டிருக்கோம். ஆபீஸ்ல ஃபோன் பக்கத்துல உக்காந்ததுக்கு அப்புறம்தான் தலை நின்னுது.

ஒரு கால் மட்டும் சொல்றோம். அருப்புக்கோட்டைப் பக்கத்துல இருந்து ஒரு பெரியவர், பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவராம். ஒரு மூணு பாக நாவல், முதல் பாகமும் மூணாவது பாகமும் அவர்கிட்ட இருக்கு, ரெண்டாவது மட்டும் இல்ல. “ரெண்டு வருசமா கேக்கேன் தம்பி, எப்பக் கேட்டாலும் பிரிண்ட்ல இருக்குங்கீங்க”ன்னாரு. லைன்ல வெயிட் பண்ணச் சொல்லிட்டு சீனியர் கிட்ட கேட்டா, அவரு நிமிந்து கூட பாக்காம “பிரிண்ட்ல இருக்குன்னு சொல்லிடு”ங்கறாரு. பிரிண்ட்லயும் இல்ல, ஒரு மண்ணுலயும் இல்ல. அந்த நாவல் ஏதோ ஒரு பழைய கம்ப்யூட்டர்ல, பேஜ்மேக்கர்ங்கற பழைய லே-அவுட் சாஃப்ட்வேர் ஃபைலா, யூனிகோடு வர்றதுக்கு முன்னாடி இருந்த ஒரு ஃபான்ட்ல தூங்கிட்டு இருக்கு.

அந்த ஃபைல எழுப்பறது லேசுப்பட்ட வேலை இல்லன்னு எங்களுக்கும் தெரியும், ஏன்னா அதே மாதிரி ஒரு ஃபைல நாங்க எழுப்பிருக்கோம். கன்வெர்ட்டர்ல போட்டு எடுத்தா பாதி எழுத்து சரியா வரும், மீதி கழுத்தறுக்கும். ‘கௌரவம்’ எல்லாம் ‘கெளரவம்’னு வந்து நிக்கும், ஒண்ணுல ஔகாரக் குறி, இன்னொண்ணுல ஒத்தைக்கொம்பு போட்டு பக்கத்துல ஒரு ளகரம், பேப்பர்ல பாத்தா ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கும், ஆனா நாளைக்கு இ-புக்ல யாராவது அந்த வார்த்தைய தேடினா வரவே வராது. வாக்கியத்துக்கு நடுவுல வர்ற டேஷ் எல்லாம் கேள்விக்குறி ஆகிடும், வரி மடங்கற எடத்துல இருந்த ஹைஃபன் எல்லாம் வார்த்தைக்கு நடுவுல வந்து உக்காந்துக்கும். நானூறு பக்க நாவல்ல ஒவ்வொண்ணா கண்ண வெச்சுத்தான் எடுக்கணும். அதுக்கு ஒரு நல்ல மெய்ப்புத் திருத்துநர், ரெண்டு மூணு மாசம், அவருக்கு ஒழுங்கான காசு, இவ்வளவுதான் வேணும். ஆனா இந்த மூணையும் கொண்டு போய் டிசம்பர்ல, ஜனவரி கண்காட்சி அவசரத்துல கொட்டிடறீங்களே!

கண்காட்சிய நடத்தற பதிப்பாளர், புத்தக விற்பனையாளர் சங்கமான பபாசி ஆரம்பிச்சது 1976ல, முதல் சென்னை புத்தகக் கண்காட்சி 1977ல அண்ணா சாலை மதரஸா-இ-ஆஜம் ஸ்கூல்ல நடந்துச்சு. வாசகரும் பதிப்பாளரும் நேருக்கு நேர் பாத்துக்க ஒரு எடம் வேணும்னு ஆரம்பிச்ச நல்ல விசயம், அதுல எந்தக் குறையும் சொல்ல மாட்டோம், இப்ப கண்காட்சி நடக்கற நந்தனத்துல அந்தப் புழுதிக்குள்ள நடக்கற சுகமே தனி. ஆனா இன்னைக்கு ஒரு வருசத்து மொத்தப் பதிப்புத் தொழிலும் அந்த ரெண்டு வார பொங்கல் சீசன நம்பி நிக்குது. கிறிஸ்துமஸ் நெருங்கும்போதுதான் ஃபைல் வருது, ஒரு பக்கம் ரேப்பர் டிசைன், ஒரு பக்கம் லே-அவுட், எழுத்தாளர் திருத்தத்த எல்லாம் வாய்ஸ் மெசேஜா ராத்திரி பதினோரு மணிக்கு அனுப்பறாரு, “எழுபத்தி மூணாம் பக்கத்துல அந்தப் பாட்டி பேர மாத்திடுங்க”ன்னு. லே-அவுட் மாறினதுல எழுபத்தி மூணு எழுபத்தி ஆறு ஆயிருக்கும், மூணு எடத்துல மட்டும் பாட்டி பழைய பேரோடயே இருப்பாங்க. புரூஃப் மூணு தடவ பாக்கணும்ங்கறது ஒரு தடவ ஆகி, அதுவும் பிரஸ்ல மெஷின் ஓடற சத்தத்துக்கு நடுவுல முடியுது. பசை காயாத புத்தகம் ஆட்டோல நேரா ஸ்டாலுக்கு வருது. வாங்கிட்டுப் போனவர் பிப்ரவரில ஃபோன் பண்ணி, அத்தியாயம் 14 ரெண்டு தடவ வருதேம்மான்னு ரொம்ப மரியாதையா கேக்கறாரு. அவரும் ‘படிக்காத தமிழர்’ கணக்குலதான் வருவாரு போல.

பிப்ரவரிக்கு அப்புறம்தான் உண்மையான கதையே. கண்காட்சில பாத்துட்டு பட்ஜெட் இல்லாம வெச்சுட்டுப் போனவங்க, பஸ்ல பக்கத்து சீட்டுக்காரர் கைல பாத்தவங்க, யூட்யூப்ல யாரோ பேசிக் கேட்டவங்கன்னு எல்லாரும் அப்பதான் கேக்க ஆரம்பிக்கறாங்க. அப்ப நம்மகிட்ட காப்பி இருக்காது. ஏன்னா முன்ன ஆயிரம், ஆயிரத்தி இருநூறுன்னு அடிச்ச எடத்துல இப்ப பிஓடில, அதாவது தேவைக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் கொஞ்சமா அடிக்கற பிரிண்ட் ஆன் டிமாண்ட்ல, நூறு, இருநூறுன்னு அடிக்கறோம். அது தப்பில்ல, குடோன் வாடக மிச்சம்தான். ஆனா பிஓடியோட லாபமே, காப்பி தீந்ததும் உடனே இன்னொரு அம்பது அடிச்சுக்கலாம்ங்கறதுதானே, அத விட்டுட்டு அடுத்த ஜனவரி வரைக்கும் “ஸ்டாக் இல்ல சார்”னு சொல்றதுக்கு எதுக்கு பிஓடி? இதுல அம்பது அம்பதா அடிச்சு ஒரே வாரத்துல மூணாம் பதிப்புன்னு போஸ்டர் வேற. எத்தன காப்பின்னு இம்ப்ரின்ட் பக்கத்துல, பதிப்பு விவரம் போடற அந்தப் பக்கத்துல, போடுங்களேன், பழைய புத்தகங்கள் சிலதுல ‘பிரதிகள் 1200’னு போட்டிருக்கறத பாத்திருக்கோம், பாக்கவே அழகா இருக்கும்.

கொஞ்சம் கசப்பா ஒண்ணு சொல்றோம், கோவிச்சுக்காதீங்க. இவ்வளவு நாளா நீங்க வாசகர்னு நெனச்சுட்டு இருந்தது நூலக ஆர்டரத்தான். சுதந்திர இந்தியாவுல முதல்ல நூலகச் சட்டம் வந்தது இங்கதான், 1948ல. நாம கட்டற சொத்து வரியோட நூத்துக்குப் பத்துன்னு நூலக வரி வசூலாகுது, அந்தக் காசுல அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கினாங்க, பாரத்துக்கு இவ்வளவுன்னு ரேட்டு, அதாவது பதினாறு பக்கத்துக்கு இவ்வளவு. அதனால எழுத்த கொஞ்சம் பெருசாக்கி, வரிக்கு நடுவுல எடம் விட்டு ஏழு பாரத்த ஒன்பது பாரமாக்கற வித்தைய எல்லாம் எங்களுக்கும் சொல்லிக் குடுத்தீங்க. ஆர்டர் ஒழுங்கா வந்த காலத்துல வாசகரப் பத்தி யாரும் கவலப்படல. அது தடுமாறினதும் யாரும் படிக்கிறதில்லன்னு ஆகிடுச்சு.

நூலகம்னதும் இன்னொண்ணு. 1954ல வந்த சட்டப்படி புது புத்தகம் வந்த முப்பது நாளைக்குள்ள நம்ம எழும்பூர் கன்னிமாராவுக்கும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் டெல்லி, மும்பைல இருக்கற நூலகங்களுக்கும் ஒவ்வொரு காப்பி அனுப்பணும். அனுப்பறீங்களான்னு நாங்க கேக்கல, நீங்களே உங்க மனசாட்சிய கேட்டுக்கோங்க. அந்த ஒரு காப்பி கன்னிமாராவுல இருந்திருந்தா, அச்சுல இல்லாத புத்தகத்த தேடறவர அங்கயாவது அனுப்பி வெச்சிருப்போம்.

பிடிஎஃப் பத்தி நீங்க கத்தறது நியாயம். கடைல இருக்கற புத்தகத்த ஸ்கேன் பண்ணி டெலிகிராம்ல போடறது திருட்டுதான், அதுல பேச்சே இல்ல. ஆனா எங்களுக்கு வர்ற “பிடிஎஃப் இருக்கா” மெசேஜ்ல நெறைய, காசு குடுத்து வாங்கறேன்னு மூணு கடை ஏறி எறங்கி கெடைக்காம கேக்கறவங்களோடது. அவங்களையும் திருடன் லிஸ்ட்ல சேத்து திட்டி அனுப்பறோம்.

தபால் செலவு இன்னொரு சாக்கு. 2024 டிசம்பர்ல, புத்தகத்த கம்மி செலவுல அனுப்பற ரிஜிஸ்டர்டு புக் போஸ்ட்ட தபால் துறை திடீர்னு நிறுத்தினப்ப எல்லாருக்கும் அடிதான், ஒத்துக்கறோம். ஆனா 2025 மே மாசம் ஞான் போஸ்ட்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, 300 கிராம் வரைக்கும் 20 ரூபா, அஞ்சு கிலோ வரைக்கும் 100 ரூபான்னு ஆரம்பிச்சாங்க, டிராக்கிங்கும் உண்டு. எங்க ஆபீஸ்ல இது ரொம்ப நாள் யாருக்கும் தெரியாது, நூத்தி அம்பது ரூபா கவிதைப் புத்தகத்துக்கு எம்பது ரூபா கூரியர் சார்ஜ் சொல்லிட்டு இருந்தோம். எந்தக் கவிஞருக்கு அவ்வளவு மார்க்கெட் இருக்கு?

வெளியூர் கண்காட்சிகளப் பத்தியும் சொல்லணும். ஈரோட்டுல மக்கள் சிந்தனைப் பேரவை 2005ல இருந்து ஆகஸ்ட்ல நடத்தறாங்க, இப்ப அரசாங்கமும் மாவட்டத்துக்கு மாவட்டம் நடத்துது. அங்க நாம அனுப்பறது ஜனவரில விக்காத மிச்சம். அப்படி ஒரு ஊர்ல ஸ்டால்ல நின்னப்ப, கவர்மென்ட் ஸ்கூல் பசங்க வரிசையா வந்தாங்க, கைல அம்பது ரூபா, நூறு ரூபா. ஒரு பையன் எல்லா அட்டையையும் தடவிப் பாத்துட்டு “பேய்க் கதை இருக்காண்ணா?”ன்னான். எங்ககிட்ட இருந்தது ஆய்வுக் கட்டுரைத் தொகுப்பும் முந்நூறு ரூபா நாவலும். பக்கத்து ஸ்டால காட்டினோம், அங்க கோலப் புத்தகமும் ஜோசியமும்தான். அந்தப் பையன் அப்பளம் வாங்கப் போயிட்டான். அவன் படிக்கிறதில்லன்னு அடுத்த விழாவுல சொல்வீங்க.

நாங்க கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல. உங்க புத்தகங்கள்ல எது கைல இருக்கு, எது தீந்துபோச்சு, எது எப்ப வரும்னு ஒரு லிஸ்ட், மாசத்துக்கு ஒரு தடவ அப்டேட் பண்ணி எல்லாரும் பாக்கற மாதிரி போடுங்க. “பிரிண்ட்ல இருக்கு”ங்கற பொய்ய நிறுத்துங்க. வருசத்துக்கு முப்பது டைட்டில் போடறவங்க பத்தையாவது ஜூன், ஜூலைக்குத் தள்ளுங்க, மெய்ப்புத் திருத்துநருக்கும் மூச்சு விட நேரம் கெடைக்கும், ஈரோட்டுக்கும் புதுசா எதாவது போகும்.

லிஸ்ட் போட ஆள் இல்லன்னு சொல்வீங்கன்னு தெரியும். எக்செல் ஷீட் நாங்க போட்டு வெச்சிருக்கோம், டைட்டில், விலை, எடை, இருப்பு, ஃபைல் எந்த ஃபான்ட்ல இருக்குங்கறது வரைக்கும் கட்டம் போட்டாச்சு, கேட்டா அனுப்பறோம். நிரப்பித் தரவும் வர்றோம், ஆனா இந்தத் தடவ சர்டிஃபிகேட் வேணாம், சம்பளம் பேசிக்கலாம்.

இப்படிக்கு,
உங்க ஃபோன எடுக்கற இன்டர்ன்கள்