22 சொற்கள்

அன்புள்ள கமலா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்ததில் எனக்குப் பெரிய நிம்மதி. நான் மகள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதமாகிறது. நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில், நியூ ஹைட் பார்க். நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்; கறிவேப்பிலைக்குக்கூடப் பஞ்சமில்லை.

"அமெரிக்கப் பள்ளியில் சாமி கும்பிடவே தடையாமே?" என்று கேட்டிருந்தாய். வரும்போது எனக்கும் அதே எண்ணம்தான். அந்தப் பேச்சுக்குக் காரணமான வழக்கு பிறந்ததே இந்த ஊர்ப் பள்ளிகளில் என்று தெரிந்ததும் தேடிப் படித்தேன்.

1951-இல் மாநிலக் கல்வி வாரியம் ஒரு பிரார்த்தனை எழுதியது. ஆங்கிலத்தில் 22 சொற்கள். எல்லாம் வல்ல இறைவா, எங்களையும் பெற்றோரையும் ஆசிரியரையும் நாட்டையும் ஆசீர்வதியும் என்பதுபோல. எந்த மதத்தின் பெயரும் அதில் இல்லை. 1958-இல் இங்குள்ள பள்ளி நிர்வாகம் அதைத் தினமும் சொல்லவைத்தது. விருப்பமில்லாத பிள்ளை பேசாமல் நிற்கலாம், வெளியேயும் போகலாம். ஆனாலும் ஐந்து பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். மிரட்டல் கடிதங்கள் வந்தன. ஒருவர் வீட்டு வாசலில் சிலுவையைக் கொளுத்தினார்கள். 1962 ஜூன் 25 அன்று உச்ச நீதிமன்றம் 6-க்கு 1 என்று அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மக்கள் சொல்வதற்குப் பிரார்த்தனை எழுதித் தருவது அரசின் வேலையல்ல என்று எழுதிய நீதிபதி ஹியூகோ பிளாக், ஒரு காலத்தில் தேவாலயத்தில் ஞாயிறு வகுப்பு எடுத்தவர்.

பிள்ளைகள் தாமாகக் கும்பிடுவதை யாரும் தடுக்கவில்லை, கமலா. பேத்தி பள்ளியில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்குமுன் கண்ணை மூடிக்கொள்கிறாளாம்.

என் மனதைக் குடைவது அந்த "வெளியே போகலாம்" என்ற சலுகைதான். எட்டு வயதுப் பிள்ளை நாற்பது பேர் பார்க்க எழுந்து போகுமா? நாம் பாடம் நடத்திய பள்ளியில் மூன்றாம் வகுப்பில், முன்வரிசையில் நிற்பாளே, அந்தச் சிறுமியை நினைத்துப் பார். இறைவணக்கப் பாட்டு தொடங்கியதும் கால் கட்டைவிரலால் மண்ணில் கோடு இழுத்துக்கொண்டிருப்பாள். அவள் வீட்டில் வேறு சாமி. "வாயைத் திற" என்று அதட்டினேன். மறுநாள் உதடு அசைந்தது, குரல் வரவில்லை. அடங்கிவிட்டாள் என்று நானும் திருப்தியாக இருந்துவிட்டேன். பெற்றோர் சம்மதமில்லாமல் எந்தப் பிள்ளையையும் பள்ளி வழிபாட்டில் சேர்க்கக் கூடாது என்று நம் அரசியலமைப்பின் 28-ஆவது பிரிவே சொல்கிறது. நான் ஒருநாளும் கேட்டதில்லை.

2022-இல், ஆட்டம் முடிந்ததும் மைதானத்தில் மண்டியிட்டுப் பிரார்த்தித்த ஒரு பள்ளி விளையாட்டுப் பயிற்சியாளருக்குச் சாதகமாக இதே நீதிமன்றம் 6-க்கு 3 என்று தீர்ப்பளித்தது. அது அவருடைய உரிமை என்கிறாள் மகள். அணியில் இடம் கிடைக்குமா என்று காத்திருக்கும் பையன் அவர் பக்கத்தில் மண்டியிடாமல் இருப்பானா என்று நான் கேட்டேன். இரவு பதினொரு மணிவரை பேசியும் முடியவில்லை.

அந்தச் சிறுமிக்கு நீதானே வகுப்பாசிரியை. இப்போது எங்கே இருக்கிறாள் என்று தெரியுமா? முகவரி கிடைத்தால் அடுத்த கடிதத்தில் எழுது. அவளுக்கு நான் ஒரு கடிதம் எழுத வேண்டும்.

உன்
மீனாட்சி