பிரசவ அறையில் இடம் கொடுத்துவிட்டு எண்ணிக்கை கேளுங்கள்

செவிலியர் கவுன்சில், மருத்துவப் பல்கலைக்கழகம், மருத்துவக் கல்வி இயக்ககம் ஆகியவற்றின் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். லேபர் வார்டில், அதாவது பிரசவ அறையில், மாணவர் பயிற்சியை மேற்பார்வையிடும் செவிலியர் ஆசிரியர்கள் நாங்கள். எட்டாம் செமஸ்டர் முடிந்து, மாணவர் செய்த பயிற்சியைப் பதியும் லாக் புக்கைச் சரிபார்க்கும் நாட்கள் இவை. பி.எஸ்சி. நர்சிங் முடித்த பிள்ளைகள் தடித்த நோட்டுகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு லேபர் வார்டு வாசலில் நிற்கிறார்கள். தேர்வெல்லாம் தேறிவிட்டார்கள். ஒருத்திக்கு மூன்று பிரசவம் குறைகிறது, இன்னொருத்திக்கு ஐந்து. அந்தக் கட்டங்கள் நிறையாமல் படிப்பு முடித்த சான்று கிடைக்காது. இந்த நிலை எப்படி வந்தது என்று உங்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. விதிகளை வகுப்பதும், சீட்டுகளுக்கு அனுமதி தருவதும், பயிற்சிக்கு மருத்துவமனை ஒதுக்குவதும் உங்கள் அலுவலகங்கள்தான். எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று: ஒரு கல்லூரியோடு இணைந்த லேபர் வார்டுகளில் மாதம் எத்தனை சுகப்பிரசவம் நடக்கிறது என்று எண்ணிப் பார்த்து, அதற்கேற்பச் சீட்டும் போஸ்டிங்கும் (வார்டுப் பயிற்சிக்கான ஒதுக்கீடு) கொடுங்கள்.

2021 ஜூலையில் அரசிதழில் வந்த இந்திய நர்சிங் கவுன்சிலின் புதிய விதிகள் மீது எங்களுக்கு வருத்தம் இல்லை. ஆண்டுமுறை போய் செமஸ்டர் வந்ததை வரவேற்றோம். தியரியிலும் பிராக்டிகலிலும் தனித்தனியே 50 சதவீதம், ஆங்கிலத்துக்கு 40, தேர்வெழுத ஒவ்வொரு பாடத்திலும் 80 சதவீத வருகை, அதிகபட்சம் எட்டு ஆண்டுக்குள் படிப்பை முடிப்பது, எல்லாமே நியாயம்தான். பட்டம் வாங்கும் முன் ஒவ்வொரு பயிற்சிப் பிரிவிலும் 100 சதவீத வருகை வேண்டும் என்பதையும் ஏற்கிறோம். நோயாளியைத் தொடும் கை பயிற்சியில் குறை வைக்கக் கூடாது.

மகப்பேறு செவிலியம் ஆறாம், ஏழாம் செமஸ்டர்களில் வருகிறது. மருத்துவமனைப் பயிற்சிக்கு முறையே 240 மணி, 320 மணி. கர்ப்பிணிகள் புறநோயாளிப் பிரிவு, ஆபரேஷன் தியேட்டர், பிரசவத்துக்குப் பிந்தைய வார்டு, பச்சிளங்குழந்தைப் பிரிவு எல்லாம் இதற்குள் அடக்கம். எட்டாம் செமஸ்டரில் 22 வார இன்டர்ன்ஷிப், வாரம் 48 மணி நேரம். அதில் நான்கு வாரம் மகப்பேறு. ஆக, நேரத்துக்குக் குறைவில்லை. ஆனால் மணி நேரம் நிறைந்தால் மட்டும் லாக் புக் நிறையாது, கேஸ் வேண்டும். பழைய ஆண்டுமுறைப் பாடத்திட்டம் ஆளுக்கு 20 சுகப்பிரசவம் எடுக்கச் சொன்னது. இப்போது பார்த்தவை, உதவியவை, தானே எடுத்தவை என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கின்றன.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு வகுப்பில் 60 பேர், ஆளுக்குப் பத்துப் பிரசவம் என்று வைத்துக்கொண்டாலே 600 சுகப்பிரசவம் வேண்டும். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி, தமிழ்நாட்டின் தனியார் மருத்துவமனைகளில் நடக்கும் பிரசவங்களில் 63 சதவீதத்துக்கு மேல் சிசேரியன். ஆக, 600 சுகப்பிரசவம் கிடைக்க அங்கே சுமார் 1,650 பிரசவம் நடக்க வேண்டும். 100 படுக்கை காட்டி அனுமதி வாங்கிய, கல்லூரியின் சொந்த மருத்துவமனையில், எல்லா நோய்க்கும் சேர்த்து இருக்கிற அந்த 100 படுக்கையில், இது எப்படி நடக்கும்? அதனால்தான் எல்லாக் கல்லூரியும் மாவட்டத் தலைமை மருத்துவமனை வாசலுக்கே வந்து நிற்கின்றன. அரசு மருத்துவமனைகளிலும் சிசேரியன் 36 சதவீதம்.

அங்கே நடப்பதைக் கொஞ்சம் பக்கத்தில் நின்று பாருங்கள். கர்ப்பப்பை வாய் முழுதாகத் திறந்து, வலியில் முக்கிக்கொண்டிருக்கும் ஒரு தாய். தலைமாட்டில் நர்சிங் டிப்ளமோ மாணவிகள் இருவர். கால்மாட்டில் ஹவுஸ் சர்ஜன் எனும் பயிற்சி மருத்துவர், அவருக்குப் பின்னால் மேற்படிப்பு மருத்துவர், டிரேயைப் பிடித்தபடி ஸ்டாஃப் நர்ஸ். திரைக்கு வெளியே இரண்டு கல்லூரி பி.எஸ்சி. மாணவிகள், கிராம சுகாதார செவிலியர் பயிற்சிக்கு வந்தவர்கள். குழந்தையின் தலை வெளிவரும்போது கை வைப்பது ஒருவர்தான், அந்த ஒருவர் பெரும்பாலும் எங்கள் மாணவி இல்லை. குழந்தை அழுததும் எல்லோரும் தாயின் கேஸ் ஷீட்டைப் பார்த்து ஐ.பி. நம்பர் (உள்நோயாளி எண்), எத்தனையாவது பிரசவம், பிறந்த நேரம், எடை, பிறந்ததும் குழந்தையின் நிலையை மதிப்பிடும் ஆப்கார் எண் என்று எழுதிக்கொள்கிறார்கள். அன்று இரவே அந்த ஒரே ஐ.பி. நம்பர் நான்கைந்து லாக் புக்கில் 'தானே எடுத்தது' என்ற கட்டத்தில் ஏறுகிறது. கீழே கையெழுத்துப் போட வேண்டியது நாங்கள். போடாவிட்டால் அந்தப் பிள்ளையின் வருடம் போகும். போட்டால், பிரசவமே எடுத்திராத ஒருவரை மிட்வைஃப், அதாவது பிரசவம் பார்க்கத் தெரிந்தவர், என்று சான்றளிக்கிறோம். இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலைக்கு எங்களைத் தள்ளியிருப்பது உங்கள் ஒதுக்கீடு.

லேபர் அறையில் தாயின் அந்தரங்கமும் மரியாதையும் காக்கப்பட வேண்டும் என்று 2017-இல் மத்திய அரசு லக்ஷ்யா திட்டத்தைக் கொண்டுவந்தது. சுவரெல்லாம் அதன் போஸ்டர்கள். அந்தப் போஸ்டருக்கு நேர் கீழே ஒரு தாயைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்கிறார்கள்.

பார்த்துக் கற்றால் போதாதா என்று கேட்கலாம். போதாது. குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் 10 யூனிட் ஆக்சிடோசின் தசையில் போட வேண்டும். தொப்புள்கொடியை உடனே வெட்டாமல் ஒன்று முதல் மூன்று நிமிடம் விட வேண்டும். பிறகு கர்ப்பப்பை சுருங்கும் நேரம் பார்த்து ஒரு கையால் கொடியை நிதானமாக இழுக்க, மறு கை அடிவயிற்றில் கர்ப்பப்பையை மேல்நோக்கித் தாங்கிக்கொண்டிருக்க வேண்டும். அந்தத் தாங்கல் இல்லாமல், சுருக்கம் வருமுன் இழுத்தால் கொடி அறும். மோசமானால் கர்ப்பப்பையே உட்புறம் வெளியே திரும்பிவிடும். நச்சுக்கொடி வந்ததும் விரித்துப் பார்த்து, ஒரு மடல் விட்டுப்போயிருந்தாலும் கண்டுபிடிக்க வேண்டும். உள்ளே தங்கிய துண்டு கர்ப்பப்பையைச் சுருங்க விடாது, உதிரம் நிற்காது. சுருங்கிய கர்ப்பப்பை கையடியில் பந்து மாதிரி கெட்டியாக இருக்கும் என்று புத்தகத்தில் இருக்கிறது. அந்தக் கெட்டித்தனத்தைக் கைதான் அறியும். மூன்றாம் வரிசையில் நின்று எட்டிப்பார்ப்பவருக்கு இதில் எதுவும் கிடைப்பதில்லை. ஆனால் நாளை ஏதோ ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ராத்திரி டியூட்டியில் தனியாக நிற்கப்போவது அவர்தான்.

ஆண் மாணவர்கள் நிலை இன்னும் கஷ்டம். லாக் புக் எல்லோருக்கும் ஒன்றே, பதிவாகும் பட்டமும் நர்ஸ் மற்றும் மிட்வைஃப் என்பதே. லேபர் வார்டில் அவர்களை வாசலோடு நிறுத்திவிடுகிறார்கள். உள்ளே விட வேண்டுமா, வேண்டாமா என்று நீங்கள்தான் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

கட்டம் நிறையாதவர்களுக்கு விடுமுறையில் காம்பன்சேஷன் போஸ்டிங், அதாவது குறையை ஈடுகட்டும் பயிற்சி, என்கிறார்கள். டெங்கு வந்து படுத்த நாளும், அம்மை போட்ட நாளும், வீட்டில் சாவு விழுந்த நாளும் அந்தக் கணக்கிலேதான் சேர்கின்றன. சில கல்லூரிகளில் அதற்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம். குறை இவ்வளவு இருக்கிறது என்பதே பலருக்குக் கடைசி செமஸ்டரில்தான் தெரிகிறது. சான்று தாமதமானால் மாநில கவுன்சிலில் பதிவு தாமதமாகும். பதிவு இல்லாமல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்துக்கும் விண்ணப்பிக்க முடியாது, எய்ம்ஸ் நடத்தும் செவிலியர் பணிக்கான நார்செட் தேர்விலும் இடமில்லை. விண்ணப்பத்தின் கடைசித் தேதி யாருக்காகவும் நிற்பதில்லை, கல்விக் கடனுக்கு வட்டியும் நிற்பதில்லை.

இதே மாணவிகளை இன்டர்ன்ஷிப்பில் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் பாருங்கள். ரத்த மாதிரியை லேபுக்குக் கொண்டுபோவது, ஸ்ட்ரெச்சர் தள்ளுவது, முப்பது படுக்கைக்கும் பி.பி. பார்த்து எழுதுவது. ஸ்டாஃப் நர்ஸ் பணியிடங்களை நிரப்பாமல் மாணவிகளை வைத்து ஷிஃப்ட் ஓட்டுவதற்குப் பெயர் பயிற்சியா? பத்து மாணவருக்கு ஒரு ஆசிரியர் என்பது விதி. ஆய்வு நடக்கும் நாளில் அந்தக் கணக்குப்படி ஒருவர் குறையாமல் ஆசிரியர்கள் கல்லூரியில் இருப்பார்கள். மறுநாள் வார்டில் முப்பது பேருக்கு ஒருவர் நிற்பார். உங்கள் ஆய்வுக் குழு ஒரு நாள் சொல்லாமல் வார்டுக்கு வரட்டும். கோபத்தில் சொல் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். கோரிக்கைக்கு வருகிறோம்.

சுகப்பிரசவங்களை எண்ணுங்கள், அந்த எண்ணுக்கேற்பச் சீட்டும் போஸ்டிங்கும் கொடுங்கள். மாவட்டத்தில் உள்ள சீமாங்க் மையங்கள் (தாய்க்கும் பச்சிளங்குழந்தைக்கும் அவசர சிகிச்சை தரும் மையங்கள்), தாலுகா மருத்துவமனைகள், 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையங்கள் எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் கொண்டுவந்து, எல்லாக் கல்லூரிக்கும் பொதுவாக ஒரு லேபர் வார்டு முறைப்பட்டியல் போடுங்கள். ஒரு ஷிஃப்டில் ஒரு பிரசவ மேசைக்கு மாணவர் இருவருக்கு மேல் வேண்டாம்: ஒருவர் எடுக்கட்டும், ஒருவர் உதவட்டும். காலை எட்டு மணிக்கு வந்து மதியம் இரண்டு மணிக்குக் கல்லூரிப் பேருந்தில் திரும்பும் போஸ்டிங்கால் கேஸ் கிடைக்காது. பிரசவம் இரவிலும் விடியலிலும் நடக்கிறது. இரவு டியூட்டி கொடுங்கள், கூடவே ஒரு ஆசிரியரையும், தங்க ஒரு அறையையும், பாதுகாப்பான வாகனத்தையும் கட்டாயமாக்குங்கள். இன்டர்ன்ஷிப்பின் நான்கு வார மகப்பேற்றுப் பயிற்சியில் பெரும்பகுதியை லேபர் வார்டுக்கே ஒதுக்குங்கள். ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும், எத்தனை மணி நேரம் குறைகிறது, எத்தனை கேஸ் குறைகிறது என்று முதல்வர் கையெழுத்தோடு மாணவர் கையில் ஒரு தாள் கொடுக்கச் சொல்லுங்கள்.

இந்த ஆண்டு வாசலில் நிற்கும் பிள்ளைகளுக்கு, கட்டணம் எதுவும் இல்லாமல், பிரசவம் அதிகம் நடக்கும் மருத்துவமனைகளில் ஒரு சிறப்பு போஸ்டிங் உடனே வேண்டும். அது முடிந்த ஒரு வாரத்துக்குள் சான்று கிடைக்கவும் வழி செய்யுங்கள். அவர்கள் எடுக்கும் ஒவ்வொரு பிரசவத்துக்கும் கூட நின்று கையெழுத்துப் போட நாங்கள் தயார். ஒரு ஐ.பி. நம்பருக்கு ஒரு கையெழுத்து. அதற்கு இடம் மட்டும் கொடுங்கள் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
லேபர் வார்டில் மாணவர் பயிற்சியை மேற்பார்வையிடும் செவிலியர் ஆசிரியர்கள்